கழுவிய முகம்

அந்தப் பெண் எங்கள் ஸ்டுடியோவுக்கு முதன்முதலில் வந்தபோது ஒரு கனத்த கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஆல்பம் அவளுடைய அக்காவுடையது, வேறு யாரோ எடுத்தது. இப்படி ஆல்பத்தைக் கொண்டுவந்து காட்டி, இதே மாதிரி வேண்டும் என்று கேட்பவர்கள் நிறைய. நானும் அப்படித்தான் என்று நினைத்து ஒரு பக்கத்தைப் புரட்டினேன்.

"இதுல எங்கக்கா எங்கீங்க்கா இருக்கறா?" என்று கேட்டாள்.

மணவறையில் உட்கார்ந்திருந்தவளைக் காட்டினேன். அவள் தன் போனைத் திறந்து இன்னொரு படத்தை நீட்டினாள். தறிக்குடோன் வாசலில் ஸ்கூட்டியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். நல்ல கருப்பு. அகலமான முகம், கன்னத்தில் பழைய அம்மைத் தழும்பு, சிரிக்கும்போது மேலுதடு கொஞ்சம் ஏறும்போல. ஆல்பத்தில் இருந்தவள் ரவை நிறத்தில் இருந்தாள். தழும்பைக் காணோம். மூக்கை இரண்டு பக்கமும் சீவியிருந்தார்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தும் எனக்கு ஒரே ஆள் என்று தெரியவில்லை.

"எங்கக்கா பையன் இதப் பாத்துப்போட்டு, அப்பா கூட உக்காந்திருக்கறது யாரும்மாங்கறானுங்க. அன்னைக்கு இத பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டுனவதான், அப்பறம் அவ எடுக்கவே இல்லீங்க. எனக்கு இப்படி வேண்டாமுங்க. ஃபிலிம்ல எடுத்துக் குடுங்க. ஃபிலிம்ல இதெல்லாம் பண்ண முடியாதல்லங்க?"

அவளுக்குச் சூலூர். அப்பா சொந்தமாகக் கொஞ்சம் விசைத்தறி வைத்திருந்தார். அவள் ஒரு பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தாள். வார்ப்பில் முடி அளவு வெடிப்பு இருந்தாலும் திருப்பி அனுப்புகிற வேலை. நான் குளக்கரையில் ஃபிலிமில் எடுத்த சில படங்களை எங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் பார்த்துவிட்டுத் தேடி வந்திருந்தாள்.

எங்கள் ஸ்டுடியோ சிங்காநல்லூரில், மோட்டாருக்குக் காயில் கட்டும் ஒரு கடையின் மாடியில் இருக்கிறது. படம் எடுப்பது நான். கம்ப்யூட்டரில் திருத்துவதும் ஆல்பம் வடிவமைப்பதும் என் கணவர். கல்லூரியில் படித்தபோது வாங்கிய ஃபிலிம் கேமரா இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆசைக்கு அவ்வப்போது அதில் எடுப்பேன். கல்யாணத்துக்கு அதில் எடுப்பதை எப்போதோ விட்டுவிட்டேன்.

இப்போது ஃபிலிம் திரும்ப வந்துவிட்டது என்கிறார்கள். யார் கேட்டு வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு ஜோடி வந்து, ஃபிலிம் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றால் போதும், ரோல் போட வேண்டாம் என்றார்கள். வீடியோவில் கேமரா தெரிய வேண்டுமாம், பழைய காலத்து மாதிரி இருக்குமாம். காலியான கேமராவை நான் கண்ணில் வைத்து வைத்து அழுத்த வேண்டும், அதை ஒருவர் டிஜிட்டலில் எடுப்பார். நான் மாட்டேன் என்றதும், கேமராவை மட்டும் வாடகைக்குக் கேட்டார்கள். அந்த மாதிரி ஆட்களால் ஃபிலிம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வாயில் புளிப்பு தட்டும். இந்தப் பெண் கேட்டது அந்த மாதிரி இல்லை.

ஃபிலிமிலும் பண்ண முடியும் என்பதை அவளிடம் மறைக்கவில்லை. இப்போதெல்லாம் லேபில் கழுவிய கையோடு ஸ்கேன் செய்துதான் அனுப்புகிறார்கள், ஸ்கேன் வந்துவிட்டால் அதுவும் கம்ப்யூட்டர் படம்தான், ஆனால் நாங்கள் தொடமாட்டோம் என்று சொன்னேன்.

"நெகட்டிவ் என் கையில குடுத்துருவீங்கல்லங்க்கா?"

"குடுத்தர்றேன்."

"அப்பச் சரிங்க."

அவள் போன பிறகு என் கணவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"அம்மணி, மண்டபத்துல லைட்டு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதா? ஊதாவும் பச்சையுமா அடிப்பானுக. ஒரு ரோல் சுத்தாம நின்னுபோச்சுன்னா, தாலிய மறுக்காக் கட்டச் சொல்லுவியா?"

"டிஜிட்டலும் ஒண்ணு வெச்சுக்கலாமான்னு கேட்டேனுங்க. வேண்டாங்கறா."

"அவ சின்னப் பொண்ணு, என்னமோ சொல்றா. நம்ம பேருதான் கெடும்."

அவர் சொன்னதில் தொழில் ரீதியாகத் தப்பு ஒன்றும் இல்லை. டிஜிட்டலில் எடுத்தால் எடுத்த நொடியில் திரையில் தெரியும், கண்ணை மூடியிருந்தால் இன்னொன்று எடுக்கலாம், இரண்டு கார்டில் ஒரே படம் பதிவாகும். ஃபிலிமில் ஒரு ரோலுக்கு முப்பத்தாறு. கழுவி வருகிறவரை என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளை வீட்டார் தனியாக வீடியோவுக்கும் டிஜிட்டல் படத்துக்கும் ஆள் பேசியிருந்தார்கள். அந்தத் தைரியத்தில்தான் நான் ஒப்புக்கொண்டேன்.

மாப்பிள்ளைக்குக் காரமடைப் பக்கம், கறிவேப்பிலைத் தோட்டக்காரர்கள். மண்டபம் காரமடை போகிற மெயின் ரோட்டில் இருந்தது. காலையில் நான் மணப்பெண் அறைக்குள் போனபோது மேக்கப் நடந்துகொண்டிருந்தது. மேக்கப் போடுகிறவளை ஏற்பாடு செய்தது மாப்பிள்ளையின் அக்கா. அவரும் அங்கேயே கட்டிலில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். அறைக்குள் ஏசி ஓடியும் ஹேர் ஸ்பிரே வாடையில் மூச்சு முட்டியது. பெண்ணின் முகத்தில் ஒரு கனமான பூச்சு ஏறியிருந்தது. அது தாடையோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே கழுத்து அவளுடைய கழுத்தாக இருந்தது. சுவருக்குக் கீழே ஒரு நிறமும் மேலே ஒரு நிறமும் அடிப்பார்களே, அப்படி.

"கழுத்துக்கும் கைக்கும் போட்டுருங்க. தாலி கட்டறப்ப க்ளோசப்ல தெரியும்" என்றார் அந்த அக்கா.

மேக்கப்காரி ஸ்பாஞ்சை எடுத்துப் பெண்ணின் முன்கையில் தடவ ஆரம்பித்தாள். முழங்கை வரைக்கும் தடவினாள். பெண் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓர் ஓரமாக நின்று ரோல் மாட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த ஸ்பாஞ்சைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீச வேண்டும் போலிருந்தது. வேலைக்கு வந்தவள், எதைப் பிடுங்குவது.

முகூர்த்தத்துக்குக் கூப்பிடும் நேரத்தில் அவள், பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. வெளியே வந்தபோது முகத்தையும் கையையும் நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாள். ஒரு துண்டால் துடைத்துக்கொண்டு, மேசையில் இருந்த மையைத் தானே எடுத்துக் கண்ணுக்கு இட்டு, பொட்டை ஒட்டிக்கொண்டாள். நெற்றியோர முடி ஈரமாக இருந்தது. பட்டுச் சேலையின் தோள்பட்டையில் இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர் பட்டிருந்தது.

மாப்பிள்ளையின் அக்கா கட்டிலிலிருந்து எழுந்தார். "என்ன கண்ணு, இப்படிப் பண்ணிப்போட்டே. எல்லாரும் வந்திருக்கறாங்க" என்றார்.

"அரிப்பெடுக்குதுங்க" என்றாள் அவள். என்னைப் பார்த்து, "போலாங்களா அக்கா?" என்றாள்.

அன்று மணவறையில் நடந்த மற்றதெல்லாம் வழக்கமாக எனக்குக் குமட்டுகிறவைதான். தாலி கட்டும்போது வந்தவர்களுக்குத் தெரிந்தது வீடியோக்காரர்களின் முதுகு மட்டும். ஒருவன் செருப்புக் காலோடு மணவறை மேல் ஏறி நின்றான். கட்டிய தாலியை மாப்பிள்ளை இன்னொரு முறை கையில் பிடித்துச் சிரிக்க வேண்டும் என்றான். அது முடிந்ததும் இரண்டு பக்கமும் மெஷின் வைத்துப் பொறி பறக்கவிட்டார்கள். ஒரு பெரியவர் இருமிக்கொண்டே வெளியே போனார். பிறகு கேக் வந்தது. பெண்ணின் வாயில் க்ரீமைத் திணித்து, அவள் மூக்கிலும் பூசி, "சிரிங்க, சிரிங்க" என்றார்கள். நான் அதையெல்லாம் எடுக்கவில்லை. ஃபிலிமில் ஒரு வசதி உண்டு, எல்லாவற்றையும் எடுக்கக் கட்டுப்படியாகாது. வேண்டாததை விட்டுவிடலாம்.

எடுத்ததில் ஒன்று மட்டும் எடுக்கும்போதே நன்றாக வரும் என்று தெரிந்தது. தாரை வார்க்கும்போது அவளுடைய அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவர் நிறம்தான் அவளுக்கும். அவர் கை எது, அவள் கை எது என்று வளையலை வைத்துத்தான் சொல்ல முடியும். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், அவர் தண்ணீரைப் பார்த்தார். அழுத்தினேன்.

ரோல்களைக் கூரியரில் சென்னைக்கு அனுப்பினேன். ஸ்கேன் வந்தபோது ஒரு ரோலில் பாதி வெளிறிப்போயிருந்தது. மண்டபத்து ஊதா வெளிச்சம் சில படங்களைக் கெடுத்திருந்தது. மற்றவை நன்றாக இருந்தன. தாரை வார்க்கும் படம் நினைத்ததைவிட நன்றாக வந்திருந்தது. ஈர முடி தெரிந்தது. நாலைந்து படங்களைப் பெண்ணுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். அவளிடமிருந்து ஒரே வரி வந்தது: "இது நான்தானுங்க்கா."

அதற்குப் பிறகு எனக்குப் பொள்ளாச்சியில் அடுத்தடுத்து இரண்டு கல்யாணம். ஆல்பத்தில் எந்தப் படம், எந்த வரிசை என்று பிரித்து வைத்துவிட்டு, எதையும் திருத்த வேண்டாம் என்று என் கணவரிடம் சொல்லிவிட்டுப் போனேன். அவரும் தலையாட்டினார்.

நான் திரும்பி வந்து சில நாள் கழித்து அந்தப் பெண் போன் செய்தாள். குரலில் கோபமில்லை.

"ஆல்பம் வந்துருச்சுங்க. நெகட்டிவ எடுத்துட்டு ஒருக்கா வாரீங்களா?"

"எப்படி இருக்குது?"

"நீங்களே வந்து பாருங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. கணவரின் கம்ப்யூட்டரில் ஆல்பத்தின் பக்கங்களைத் திறந்து பார்த்தேன். முதல் பக்கத்திலேயே யாரோ ஒருத்தி பட்டுச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் நிழலே இல்லை. நெற்றியோர ஈரத்தைத் துடைத்தெடுத்திருந்தார். தாரை வார்க்கும் படத்துக்கு வந்தேன். அப்பாவின் கை அப்படியே இருந்தது. அவர் கைக்குள் மாவு நிறத்தில் ஒரு கை. அவர் யாரோ வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. எழுந்து போய் வாஷ்பேசினில் துப்பிவிட்டு வந்தேன்.

கணவர் கீழே டீ குடித்துவிட்டு மேலே வந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மாப்ளயோட அக்கா போன் பண்ணுச்சு" என்றார். "நீ அனுப்புன படத்த அவிய குடும்பக் குரூப்புல போட்டிருக்கறாங்க. பொண்ணு ரொம்ப டல்லாத் தெரியறான்னு சொந்தமெல்லாம் பேசறாங்களாமா. கொஞ்சம் பாத்துப் பண்ணிக் குடுங்கன்னுச்சு."

"நான் உங்ககிட்ட என்ன சொல்லிட்டுப் போனேனுங்க?"

"சொன்னே. ஆல்பம் போறது அவிய ஊட்டுக்குத்தானே. அந்தப் புள்ள அங்கதான் பொழைக்கோணும். நாலு பேர் நாலு விதமாப் பேசாம இருக்கட்டும்னுதான் பண்ணேன்."

அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. என் கணவர் என்னைவிட ஒரு பிடி கருப்பு. திருத்துவதற்கு அவர் கம்ப்யூட்டரில் மூன்று நிற அமைப்புகளைத் தயாராக வைத்திருந்தார். கோதுமை, சந்தனம், பால் என்று அவரே பெயர் வைத்தது. ஒரு தட்டுத் தட்டினால் போதும். "கோதுமை போதுங்களா, சந்தனம் போட்டர்லாங்களா?" என்று அவர் போனில் கேட்பது காய்கறிக் கடைப் பேச்சு மாதிரி தினமும் என் காதில் விழுகிறதுதான். கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தேன்.

"இவளுக்கு என்ன போட்டீங்க?"

"சந்தனம்."

அவர் உட்கார்ந்துவிட்டார். எதிர்ச் சுவரில் எங்கள் மகளின் இரண்டாவது பிறந்தநாள் படம் பெரிதாக மாட்டியிருக்கிறது. வருகிறவர்களுக்கு மாதிரி காட்டுவதற்காக மாட்டியது. ஜன்னலோரம் உட்காரவைத்து நான் எடுத்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்த எனக்குச் சட்டென்று ஒரு சந்தேகம் வந்தது.

"ஏனுங்க, பாப்பா படத்துக்கு?"

அவர் சுவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்.

"அதுக்குக் கோதுமை மட்டுந்தான்."

ஜன்னல் வெளிச்சம் என்று நான் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் வெளிச்சம், என் கை என்று வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். மகளுக்கு இப்போது எட்டு வயது. போன வருடம் ஒருநாள் ஸ்டுடியோவுக்கு வந்தவள் அந்தப் படத்தைக் காட்டி, "சின்னதுல நான் வெள்ளையா இருந்தனாம்மா?" என்று கேட்டாள். குழந்தையில் எல்லோரும் அப்படித்தான் இருப்பார்கள், வெயிலில் விளையாட விளையாடக் கருப்பது என்று நான் சொன்னேன். அதற்குப் பிறகு சைக்கிள் ஓட்டப் போகும்போதெல்லாம் அவள் முழுக்கைச் சட்டை கேட்டாள். கொசு கடிக்கிறதோ என்னவோ என்று நானும் எடுத்துக் கொடுத்தேன்.

ஸ்டூலைப் போட்டு ஏறி அந்தப் படத்தைக் கழற்றினேன். "ஏன், அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார் அவர். கண்ணாடியைப் பிரித்துப் படத்தை உருவி நாலாகக் கிழித்தேன். ஒன்பது வருடத்தில் நாங்கள் சத்தம் போட்டுச் சண்டை போட்டிருக்கிறோம். அன்று இரண்டு பேருமே சத்தம் போடவில்லை. அவர் கிழிந்த துண்டுகளைப் பொறுக்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

ஸ்கேனிலிருந்து தொடாத படங்களை நானே வெளியே கொடுத்துப் பிரிண்ட் போட்டேன். அவற்றையும் நெகட்டிவையும் எடுத்துக்கொண்டு காரமடைக்குப் போனேன். ரோட்டிலிருந்து உள்ளே போனால் இரண்டு பக்கமும் கறிவேப்பிலைத் தோட்டம். வீட்டில் மாமியார் இருந்தார். நல்ல மனுஷி. "ஆல்பம் அத்தன லட்சணமா இருக்குதுங்க, வாரவிய எல்லாம் பாத்துப்போட்டு உங்க ஊட்டுக்காரரத்தான் கேக்கறாங்க" என்று சொல்லி டம்ளர் நிறையக் காபி கொடுத்தார். அந்த ஆல்பம் டீப்பாய் மேலேயே இருந்தது.

பெண் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கையில் இன்னும் பம்ப் எண்ணெய் வாடை இருந்தது. நான் கொண்டுபோன பிரிண்ட்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தாரை வார்க்கும் படத்தை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மாமியாரும் எட்டிப் பார்த்தார்.

"இதுல எதுக்குங்க இப்படிக் கருத்துப்போய் இருக்குது? கழுவறப்பக் கெட்டுப்போச்சுங்களா?" என்று என்னிடம் கேட்டார். உண்மையாகவே கேட்டார். பக்கத்தில் நிற்கிற மருமகளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாலே போதும். அவர் படத்தை மட்டும் பார்த்தார்.

"இல்லீங்க, அவிய இப்படித்தானுங்க இருக்கறாங்க" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு உள்ளே போனார். நான் ஊரில் இல்லாத சமயத்தில் நடந்துவிட்டது என்று ஆரம்பித்தேன். அவள் தடுத்தாள்.

"நீங்க எடுத்தீங்க, அவர் மாத்துனாரு. எனக்கு ரெண்டு பேரும் ஒரே கடைதானுங்க்கா."

நெகட்டிவ்களையும் பிரிண்ட்களையும் ஒரு கவரில் போட்டு, தன் கம்பெனிப் பையில் வைத்துக்கொண்டாள். அப்பா வரும்போது தாரை வார்க்கும் படத்தை மட்டும் அவரிடம் கொடுத்துவிடப்போவதாகச் சொன்னாள். கேட் வரை வந்து, "பாத்துப் போங்க" என்றாள். அவ்வளவுதான் மரியாதை. பிறகு அவளிடமிருந்து போன் இல்லை. நானும் பண்ணவில்லை.

அதற்கப்புறம் கல்யாணத்துக்கு நான் ஃபிலிம் எடுக்கவில்லை. ஃபிலிம் எத்தனை கை மாறி வருகிறது என்று யோசித்தேன். எடுத்த என்னிடமிருந்து கூரியருக்கு, லேபுக்கு, அங்கிருந்து ஸ்கேனாகக் கம்ப்யூட்டருக்கு. நடுவில் யார் வேண்டுமானாலும் கை வைக்க நாள் கிடைக்கிறது. டிஜிட்டலில் எடுத்த உடனே கேமராவின் பின்திரையைப் பெண்ணிடம் காட்டிவிடுகிறேன். நிகழ்ச்சி முடிந்ததும் மண்டபத்திலேயே அவள் கொண்டுவந்த பென்டிரைவில் மொத்தத்தையும் ஏற்றிக் கொடுத்துவிடுகிறேன். என் படங்கள் எங்கள் ஸ்டுடியோக் கம்ப்யூட்டருக்குப் போவதில்லை. ஆல்பம் வேண்டுமென்றால் அவர்களே போட்டுக்கொள்ளட்டும். இதனால் எனக்கு வருகிற கல்யாணங்கள் குறைந்துவிட்டன. கணவருக்கு வேலை குறையவில்லை. மற்ற போட்டோக்காரர்கள் எடுத்த படங்களைத் திருத்திக் கொடுக்கிறார். ஒரே அறையில் அவர் ஒரு மேசையிலும் நான் ஒரு மேசையிலும் உட்கார்ந்திருக்கிறோம். அவர் போன் பேசும்போது நான் எழுந்து மாடிப்படிக்குப் போய்விடுகிறேன்.

மகளிடம் உண்மையைச் சொன்னேன். அப்பா கம்ப்யூட்டரில் மாற்றியது என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எதுக்கு மாத்துனாரு?" என்றாள். "அவரையே கேளு" என்றேன். கேட்டாளா என்று தெரியாது.

போன மாதம் ஒண்டிப்புதூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். மணப்பெண் வங்கியில் வேலை பார்ப்பவள், கலகலவென்று பேசுகிறவள். எல்லாம் முடிந்து, பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். அவசரத்துக்குப் பத்துப் படம் போனுக்கும் வேண்டும் என்றாள். அனுப்பினேன். என் பக்கத்தில் உட்கார்ந்தே போனில் ஒரு போட்டோ ஆப்பைத் திறந்து, முதல் படத்தில் தன் முகத்தைப் பெரிதாக்கி, விரலால் ஒரு கோட்டை வலது பக்கம் நகர்த்தினாள். முகம் மாவாகிக்கொண்டே போனது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். தாடை ஒடுங்கியது.

"இப்ப எப்படி இருக்குதுங்க்கா?" என்று திரையை என் பக்கம் திருப்பினாள். கண்ணில் அத்தனை சந்தோஷம்.

"எனக்குப் பிடிக்கலீங்க. எடுத்ததுதான் நல்லா இருந்துச்சு" என்றேன்.

அவள் அதை விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொண்டு சிரித்தாள். அவளுடைய அம்மா வந்து எட்டிப் பார்த்து, இது தேவலை என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க ஊட்டுக்காரர் இதெல்லாம் நல்லாப் பண்ணித் தருவாராமா. நம்பர் குடுங்க" என்றார்.

"கடை போர்டுலயே எழுதியிருக்குதுங்க, அங்க வந்து பாத்துக்கங்க" என்றேன்.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். பந்தியில் இலை போட்டு, ஸ்வீட் வைத்து, தண்ணீரும் ஊற்றிவிட்டார்கள். பசியில்லை என்று சொல்லி, லென்ஸ்களைப் பையில் அடுக்கி ஜிப்பை இழுத்துவிட்டு, வெயிலில் நின்றிருந்த என் வண்டியை எடுத்தேன்.